மிச்சக் குதிரைகள்

இந்தக் கட்டுரையில் விபத்து எதுவும் நடக்கப்போவதில்லை. நானும் மச்சானும் மூன்று நாளில் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் ஓடி, காடியில் ஒரு கீறல்கூட இல்லாமல் கிள்ளானுக்குத் திரும்பினோம். சம்மன்கூட வரவில்லை. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. மச்சானைக் கேட்டால் பேச்சு இத்தோடு முடிந்தது என்பான். எனக்கு இங்கேதான் தொடங்குகிறது. ஒன்றுமே நடக்காத ஒரு பயணத்தைப் பற்றிச் சரியா தப்பா என்று கேட்க இடம் இருக்கிறதா? கெடுதல் நடந்தால்தான் குற்றமா, கெடுதலுக்குக் கதவைத் திறந்துவைத்தாலே குற்றமா?

மச்சான் என் தாய்மாமன் மகன். பல் மருத்துவன். இரண்டு வருடத்துக்கு முன் போர்ஷே 911 வாங்கினான், கரேரா எஸ். புதிய காடி இல்லை, ஜப்பானிலிருந்து வந்த ரீகண்ட். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் யாரும் அந்த விலைக்கு வீடே வாங்கியதில்லை. மூன்று லிட்டர் இன்ஜின், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 450 குதிரைத்திறன். உச்ச வேகம் 300ஐத் தாண்டும். கிள்ளானில் காலை நேர ஜாமில் அது 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்.

நான் ஸ்கூடாயில் மெக்கானிக்கல் படித்தவன். அந்தக் காடியை வெறும் பணக்கார விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. 911இல் இன்ஜின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் தொங்குகிறது. பாடப்புத்தகப்படி அது தப்பான இடம். வளைவில் பாரம் எல்லாம் பின்னால் இருந்தால் வால் சுழற்றிக்கொண்டு போகும். 1963இல் இந்தக் காடியை முதலில் காட்டியபோது செய்த அந்தத் தேர்வை அவர்கள் இன்றுவரை கைவிடவில்லை. அறுபது வருடமாக டயர், சஸ்பென்ஷன், எலெக்ட்ரானிக்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்து, அந்தத் தப்பான இடத்தையே அதன் பலமாக மாற்றிவிட்டார்கள். ஒரு பிடிவாதத்துக்குப் பின்னால் இவ்வளவு பேர் இவ்வளவு காலம் உழைத்திருக்கிறார்கள் என்று தெரிந்து அதில் உட்காரும்போது கிடைக்கும் சந்தோஷம் பொய்யில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் சொல்வதெல்லாம் காடி வாங்க முடியாதவனின் வயிற்றெரிச்சலாகத் தெரியும்.

பயண வழியை மச்சான்தான் தேர்ந்தெடுத்தான். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போ, கோல கங்சார் வரை. அங்கிருந்து கிரிக். கிரிக்கிலிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் காட்டைக் கடந்து ஜெலி. பிறகு கோத்தா பாரு, கோல திரங்கானு, குவாந்தான், காராக் வழியாக வீடு. இந்த வழிக்குக் காரணம் உண்டு. மாமா லோரி ஓட்டுநர். கிள்ளான் துறைமுகத்திலிருந்து கிளந்தானுக்குப் பல வருடம் சரக்கு ஏற்றிப் போனவர். பள்ளி விடுமுறையில் மச்சானை இரண்டு மூன்று தடவை பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு போயிருக்கிறார். 'அப்பா ஓடுன ரூட்டை ஒரு தடவையாவது நல்ல காடியில ஓடணும்டா' என்று மச்சான் அடிக்கடி சொல்வான். மாமாவையும் கூப்பிட்டோம். பின்சீட்டைப் பார்த்தார். 'இதுல ஒரு மூட்டை வெங்காயம் வைக்கலாம், என்னை எங்க வைப்பீங்க' என்றார். வரவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாமா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். 'மருமவனே, 90ல போறதுக்கு எத்தனை குதிரை வேணும்?' நான் மனக்கணக்குப் போட்டேன். காற்றுத் தடை, டயர் உராய்வு, இருவரையும் சேர்த்து 1,700 கிலோ எடை. சமதரையில் 15 குதிரை போதும், மிஞ்சிப் போனால் 20. சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: 'அப்ப மிச்சத்தை எங்க வச்சிருக்கான்?'

சிரித்துவிட்டோம். ஆனால் நல்ல கேள்வி அது. கூட்டரசுச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு 90. நெடுஞ்சாலைகளில் 110. இந்த நாட்டில் எந்தச் சாலையிலும் சட்டப்படி அந்தக் காடிக்குத் தொடர்ந்து 30 குதிரைக்கு மேல் வேலை கிடையாது. ஏற்றத்திலும் முந்துவதிலும் சில நொடிகள் கூடுதலாக வேண்டியிருக்கும். மீதி 400 சொச்சம் குதிரைகளை மச்சான் வைத்துக்கொண்டிருப்பது 'முடியும்' என்ற உணர்வுக்காகத்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். நீச்சல் தெரிந்தவன் எல்லாம் தினமும் கடலில் குதிப்பதில்லை. பிரச்சினை, அந்த உணர்வு என்றைக்காவது ஒருநாள் சோதித்துப் பார்க்கச் சொல்லும்.

மூன்றாம் நாள் காலையில் சொல்லியது. கோல திரங்கானுவில் நாசி டாகாங் சாப்பிட்டுப் பசியாறிவிட்டுக் கிழக்குக்கரை நெடுஞ்சாலையில் ஏறியிருந்தோம். இரண்டு பக்கமும் செம்பனை. முன்னால் சாலை காலி. மச்சான் மிதித்தான். முள் 160, 190, 210 என்று ஏறி 230ஐத் தொட்டது. என் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. 'போதும்டா' என்றேன். ஒரு நிமிடம் இருக்கும், இறக்கிவிட்டான். 110க்கு வந்தபோது காடி நின்றுவிட்டதுபோல் இருந்தது. தோல் வரும்வரை வாக்குவாதம்.

'காலி ரோடு. என் காடி. என் உயிர். சம்மன் வந்தா நான் கட்டுறேன். யாருக்கு என்னடா நஷ்டம்?'

மச்சான் தத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் அவன் சொன்னது ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் 'சுதந்திரம் பற்றி' என்ற நூலில் எழுதியதற்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒருவனைக் கட்டுப்படுத்தச் சமூகத்துக்கு உரிமை வேண்டுமானால், அவன் செயல் பிறருக்குத் தீங்கு செய்வதாக இருக்க வேண்டும். அவனுடைய நன்மைக்காக என்று சொல்லி அவனைத் தடுக்க முடியாது. இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். மச்சான் தன் உயிரை மட்டும் பணயம் வைத்திருந்தால் நான் அத்தையிடம் வேண்டுமானால் சொல்லிக்கொடுக்கலாம், அறம் பேச முடியாது.

ஆனால் அந்த ரோடு காலியாக இருந்ததா? நாங்கள் 230இல் இருந்த அந்த நிமிடத்தில் இடதுபக்கம் ஒரு காப்சாய் போனது. பின்னால் கூடை கட்டியிருந்தது. 80இல் போயிருக்கும். இதைப் பொறியாளன் மாதிரி கணக்குப் போட்டால் இப்படி வரும். 230இல் ஒரு நொடிக்கு 64 மீட்டர் போகிறோம். ஏதோ தவறு என்று மூளைக்குப் பட்டுக் கால் பிரேக்குக்கு நகர ஒன்றரை நொடி என்று வைத்தால், பிரேக் பிடிக்கும் முன்பே கிட்டத்தட்ட ஒரு கால்பந்துத் திடல் நீளம் போய்விடும். காய்ந்த தார்ச்சாலையில், நல்ல டயரில், முழுதாக நிற்க மொத்தம் 320 மீட்டர் வேண்டும். 110இல் 100 மீட்டர் போதும். வேகம் இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டினால் தூரம் மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. காப்சாய்க்காரர் ஒரு குழியைத் தவிர்க்க வலப்பக்கம் ஒதுங்கலாம் என்று கண்ணாடியைப் பார்த்திருந்தால், 200 மீட்டர் பின்னால் ஒரு புள்ளி தெரிந்திருக்கும். அந்தப் புள்ளி ஐந்து நொடிக்குள் அவரை அடைந்துவிடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் வாழ்க்கையில் பார்த்த காடிகள் அப்படி வருவதில்லை. அவருடைய அனுபவம் அவரைக் காப்பாற்றாத ஒரு வேகத்தில் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம்.

அவர் ஒதுங்கவில்லை. நேராகப் போனார். ஒன்றும் நடக்கவில்லை. மச்சானின் வாதம் முழுக்க இந்தக் கடைசிச் சொல்லில்தான் நிற்கிறது.

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவ ஆசிரியர்கள் இந்தச் சொல்லைத்தான் பிரித்துப் பார்த்தார்கள். அற அதிர்ஷ்டம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இரண்டு பேர் ஒரே மாதிரி கவனக்குறைவாக ஓட்டுகிறார்கள். ஒருவன் பாதையில் குழந்தை குறுக்கே வருகிறது, இன்னொருவன் பாதையில் வரவில்லை. முதலாமவன் சிறைக்குப் போகிறான், இரண்டாமவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிறான். இருவரும் செய்தது ஒன்றே. வித்தியாசம் குழந்தை வந்ததும் வராததும், அது இருவர் கையிலும் இல்லை. அப்படியென்றால் நாம் ஒருவனைக் குற்றவாளி என்றும் இன்னொருவனைக் கெட்டிக்கார ஓட்டுநர் என்றும் பிரிப்பது எதை வைத்து?

வில்லியம்ஸ் இதற்கு எதிர்ப்பக்கத்தையும் காட்டினார். எந்தத் தப்பும் செய்யாத ஒரு லோரி ஓட்டுநர், குறுக்கே ஓடிவந்த குழந்தையின் மேல் ஏற்றிவிடுகிறார். சுற்றி இருப்பவர்கள் 'உன் தப்பு இல்லை' என்று தேற்றுவார்கள். தேற்றவும் வேண்டும். ஆனால் அவர் அந்தத் தேறுதலைக் கேட்டு உடனே 'ஆமாம், என் தப்பு இல்லைதான்' என்று எழுந்து போய்விட்டால் நமக்கு அவர்மேல் ஒரு சந்தேகம் வரும்.

இதைப் படித்தபோது எனக்குப் புத்தகம் ஞாபகத்தில் நிற்கவில்லை. மாமாதான் நின்றார்.

1998இல் மாமா கோல சிலாங்கூர் பக்கம் லோரி ஓட்டிப் போனார். தோட்டத்துச் செம்மண் பாதையிலிருந்து ஒரு பையன் சைக்கிளில் நேராகச் சாலைக்கு வந்துவிட்டான். மாமா வரம்புக்குள்தான் போயிருக்கிறார். பிரேக் சரியாக இருந்தது. குடிக்கவில்லை, தூங்கவில்லை. போலீஸ் விசாரித்து அவர்மேல் குற்றமில்லை என்று விட்டுவிட்டது. பையன் பிழைக்கவில்லை. அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் மாமா ஒரு மூட்டை அரிசியோடு அந்த லயத்துக்குப் போனார். பையனின் அம்மா அவரை வராதே என்று சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. மாமா அரிசியை வாசலில் வைத்துவிட்டு வந்தார். அடுத்த வருடமும் போனார். தோட்டம் விற்கப்பட்டு அவர்கள் வேறு எங்கோ போகும்வரை போனார். அந்த இடத்தைக் கடக்கும்போது ரேடியோவை அணைத்துவிடுவார் என்று மச்சான்தான் எனக்குச் சொன்னான். லோரியில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் அவன்.

ஆக, ஒரே வீட்டில் இரண்டு பேர். அப்பா தப்பே செய்யாமல் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகச் சுமக்கிறார். மகன் 230இல் ஒரு மனிதரைக் கடந்துவிட்டு, அடுத்த ஆர் அண்ட் ஆரில் தே தாரிக் குடிக்கிறான். கணக்கு எங்கோ இடிக்கிறது. அப்பாவின் சுமை முழுக்க அதிர்ஷ்டம் கொடுத்தது. மகனின் லேசான மனமும் அதிர்ஷ்டம் கொடுத்ததுதான்.

நம் ஊர்த் தமிழ்ப்பள்ளியில் படித்த யாருக்கும் மனுநீதிச் சோழனைத் தெரியும். கதையைப் பெரும்பாலும் அரசனின் நீதிக்காகச் சொல்வார்கள். நான் இப்போது இளவரசனைப் பற்றி யோசிக்கிறேன். பெரியபுராணம் சொல்வதுபடி அவன் கன்றைக் கொல்ல நினைக்கவில்லை. பரிவாரத்தோடு திருவாரூர் வீதியில் தேர் ஓட்டிப் போகிறான், துள்ளி வந்த கன்று சக்கரத்தில் மாட்டிக்கொள்கிறது. நம் போலீஸ் விசாரித்தால் அவனையும் விட்டுவிடும். அமைச்சர்களும் பரிகாரம் செய்தால் போதும் என்றுதான் சொல்கிறார்கள். அரசன் கேட்கவில்லை. மகனைத் தேர்க்காலில் இட்டான். அந்தத் தண்டனையை இன்று யாரும் சரி என்று சொல்ல மாட்டோம், நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கதையில் தண்டனையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அரண்மனை வாசலில் தொங்கிய மணி. வாயில்லாத ஒரு பசு வந்து அடிக்க முடிந்த மணி. தேரில் போகிறவன் யாருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்ற பட்டியலில், தேரைத் தடுக்கவே முடியாதவர்களின் பெயரும் இருக்கிறது என்பதற்கு அந்த மணி அடையாளம்.

கிரிக் ஜெலி சாலையில் போகும்போது இந்தக் கதை தானாகவே வந்தது. 1982இல் திறந்த சாலை அது. ஏறக்குறைய 120 கிலோமீட்டருக்குக் காட்டை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. யானைப் படம் போட்ட மஞ்சள் பலகைகள் வழியெல்லாம் நிற்கும். விலங்குகள் அடியில் கடந்துபோக ஓர் உயர்பாலமும் கட்டியிருக்கிறார்கள். 2025 மே 11 அதிகாலை அந்தச் சாலையில் ஒரு யானைக்கன்று லோரியில் அடிபட்டு அதன் அடியில் சிக்கிச் செத்தது. தாய்யானை மணிக்கணக்கில் நகரவில்லை. லோரியில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்கு அன்னையர் தினம். படம் நாடு முழுக்கப் பரவியது. அடுத்த மாதமே அதே சாலையில் பேருந்து கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் இறந்துபோனார்கள். அந்த வளைவுகளில் மச்சான் 80க்கு மேல் போகவில்லை. சொல்லாமலேயே மெதுவாக ஓட்டினான். சக்கரத்துக்கும் தாய்க்கும் நடுவே நடந்தவை அந்த ரோட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்த இடத்தில் கால் தானாகத் தூக்கிக்கொள்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். முதல் இரவு பண்டிங்கில் தங்கிவிட்டு, இரண்டாம் நாள் விடியும் முன்பே கிளம்பினோம். அந்தக் காடியில் புகைக்குழாய்க்கு ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் உள்ளே ஒரு வால்வு திறந்து இன்ஜின் சத்தம் உறுமலாக வெளியே வரும். மச்சானுக்கு அது உயிர். ஆனால் ஜெலியை நெருங்கி ஒரு கம்பத்தைக் கடக்கும்போது, சுபு தொழுகைக்கு ஆட்கள் சூராவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மச்சான் பொத்தானை அணைத்துவிட்டான். 'பாவம்டா, காலங்காத்தால' என்றான். கம்பம் தாண்டியதும் திரும்பத் திறந்தான்.

அகநானூற்றில் குறுங்குடி மருதனார் பாடிய நான்காம் பாட்டில் இதே மாதிரி ஒரு ஆள் வருகிறான். பிரிந்து போனவன், கார்காலத்தில் காதலியிடம் திரும்பி வருகிறான். வழியில் பூக்களில் வண்டுகள் துணையோடு இருக்கின்றன. தேரின் மணிச்சத்தத்தில் அவை கலைந்துவிடும் என்று பயந்து, மணிகளின் நாவைக் கட்டிவிட்டு ஓட்டுகிறான். அவனுக்கும் அவசரம்தான். அவன் குதிரைகளும் வேகமானவைதான். தன் சந்தோஷத்தை நோக்கிப் போகிறவன், வழியில் இருக்கும் அடுத்தவர் சந்தோஷத்தைக் கலைக்காமல் போகிறான். மச்சான் அந்தக் கம்பத்தில் செய்தது அதேதான். அவனுக்கு அகநானூறு தெரியாது.

இங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. அதே மச்சான், இரக்கமுள்ள மச்சான், சத்தத்துக்கு வெட்கப்படுகிறான், அபாயத்துக்கு வெட்கப்படுவதில்லை. ஏன்? சத்தம் உடனே போய்ச் சேருகிறது. தொழப் போகிறவர் திரும்பிப் பார்க்கிறார், குழந்தை விழிக்கிறது. செய்தது என்ன என்று செய்தவனுக்கே தெரிகிறது. அபாயத்துக்குச் சத்தம் கிடையாது. கூடை கட்டிய காப்சாய்க்காரர்மேல் நாங்கள் ஒரு அபாயத்தை வைத்துவிட்டுப் போனோம், அவருக்கே அது தெரியாது. நாம் அபாயம் தருகிற ஆயிரம் பேரில் 999 பேருக்கு ஒன்றும் ஆகாது. அவர்கள் நம்மை மன்னித்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை. அபாயத்துக்கும் ஒரு சத்தம் இருந்து, 230இல் போகும் ஒவ்வொரு தடவையும் அந்தக் காப்சாய்க்காரர் வீட்டுக் கூரை அதிருமானால், மச்சான் அன்றைக்கு மிதித்திருக்க மாட்டான். அவனை எனக்குத் தெரியும்.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு இருக்கிறது, அதை மச்சானே சொன்னான். 'அப்படிப் பார்த்தா உன் மைவியும் அபாயந்தான். அப்பா லோரியும் அபாயந்தான். எல்லாரும் வீட்லயே உட்கார வேண்டியதுதான்.' உண்மை. அபாயமே இல்லாத ஓட்டம் கிடையாது. பெருந்தொற்று வருடங்களை விட்டால், நம் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாகிறார்கள். அதில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஒழுங்காக வந்த காடிகளிலும் மோதியிருப்பார்கள். அப்படியானால் கோடு எங்கே?

ஜார்ஜ் ஃப்ளெட்சர் என்ற சட்ட ஆசிரியர் 1972இல் சொன்ன ஒரு வழி எனக்கு உதவியது. நான் உனக்குத் தரும் அபாயத்தையே நீயும் எனக்குத் தருகிறாய் என்றால், இருவரும் சமம். கொடுக்கல் வாங்கல் சரியாகிவிடுகிறது. மைவியும் மைவியும் ஒரே ரோட்டில் போவது அப்படி. நான் உனக்குத் தரும் அபாயம், நீ எனக்குத் தருவதைவிட மிக அதிகம் என்றால் அங்கே கடன் விழுகிறது. காப்சாய்க்காரரால் மச்சானை என்ன செய்துவிட முடியும்? பம்பரில் ஒரு நசுங்கல்.

இந்தக் கணக்கில் லோரியும் மாட்டும் என்று மச்சான் சொல்வான். சரியாகத்தான் சொல்வான். எண்களைப் போட்டுப் பார்த்தேன். 20 டன் லோரி 80இல் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 5 மெகாஜூல். மச்சானின் காடி 110இல் 0.8 மெகாஜூல். 230இல் 3.5 மெகாஜூல். அதாவது அந்த ஒரு நிமிடம் அவன் ஓட்டியது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, கிட்டத்தட்ட பாதிக்கு மேல் பாரம் ஏற்றிய ஒரு லோரி. அப்பா மாதிரி லோரி ஓட்டக் கூடாது என்று பல் மருத்துவம் படித்தவன், அப்பாவின் லோரியை நெருங்கிவிட்டான். வித்தியாசம் என்னவென்றால், மாமா லோரியில் அரிசியும் வெங்காயமும் சிமெண்டும் இருந்தன. கிளந்தானில் காப்சாய் ஓட்டுகிறவரும் அந்த வெங்காயத்தைத்தான் வாங்கிச் சாப்பிட்டார். அவருக்கு லோரி தரும் அபாயத்தில் அவருக்கும் ஒரு பங்கு நன்மை உண்டு. எங்கள் 230இல் அவருக்கு என்ன பங்கு? நன்மை முழுக்க காடிக்குள் இருந்த இரண்டு பேருக்கு. அதுவும் ஒரு நிமிடத்துக்கு.

எனவே என் கோடு இப்படி: எதிராளி திருப்பித் தர முடியாத அபாயம், அவருக்கு எந்தப் பங்கும் இல்லாத சந்தோஷத்துக்காக, அவரைக் கேட்காமல். இந்த மூன்றும் சேரும்போது, ஒன்றும் நடக்காவிட்டாலும் அது தப்பு. நடந்ததா இல்லையா என்பது அந்தத் தப்பின் விலையை மாற்றும், தப்பு என்பதை மாற்றாது.

இதில் எங்கேயும் வேகம் பாவம் என்று நான் சொல்லவில்லை. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் தீர்ப்பு மாறும். சிப்பாங்கில் 5.5 கிலோமீட்டருக்கு ஒரு பந்தயத்தடம் இருக்கிறது. 1999இலிருந்து 2017 வரை ஃபார்முலா ஒன் ஓடிய இடம். காசு கட்டினால் சொந்தக் காடியிலேயே ஓட்டலாம். அங்கே எதிரே வருகிறவன் யாரும் இல்லை, கூட ஓடுகிறவன் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவன், விழுந்தால் பாய மணல் இருக்கிறது, ஆம்புலன்ஸ் நிற்கிறது. மச்சானின் 450 குதிரைகளையும் அங்கே அவிழ்த்துவிட்டால் நானே கைதட்டுவேன். 'அங்க சுத்திச் சுத்தி வரணும்டா, ஊர் எங்க வருது?' என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பயணத்தில் ஊர் வர வேண்டும். ஆனால் ஊர் வருகிறது என்றால் ஊர்க்காரர்களும் வருகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமா காடியைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தார். பண்டிங்கில் அந்தச் சாப்பாட்டுக் கடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். எவ்வளவு வேகம் போனீர்கள் என்று கேட்கவே இல்லை. மச்சானும் சொல்லவில்லை. மற்றக் கதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னவன் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் தாண்டிப் போனான். யாருக்கும் நஷ்டமில்லாத விஷயத்தை அப்பாவிடம் ஏன் சொல்ல முடியவில்லை என்று நான் இதுவரை அவனிடம் கேட்கவில்லை.

எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. என் மைவி 90இல் போகும்போது 0.3 மெகாஜூல். 60இல் போகும் காப்சாயும் அதன்மேல் இருப்பவரும் சேர்ந்து 0.025கூட இல்லை. பன்னிரண்டு மடங்குக்கு மேல். தினமும் காப்பார் சாலையில் வேலை முடிந்து வரும்போது, பின்விளக்கு எரியாத காப்சாய்களைக் கடக்கிறேன். நான் வேலைக்குப் போவதில் அவர்களுக்கும் ஏதாவது பங்கு இருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். எங்கள் தொழிற்சாலையில் செய்யும் ரப்பர் குழாய் அவர்களில் யாருடைய வீட்டிலாவது இருக்கலாம். அது பன்னிரண்டு மடங்குக்குப் போதுமா என்று தெரியவில்லை. மழை பெய்தால் மட்டும் 70க்கு இறக்கிக்கொள்கிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.